முந்திக்கொண்ட தாம்பாளம்

எனக்கு பி குரூப் ரத்தம் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், மதுரை ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு கரும்புச் சாறு குடித்தது. என் சிறுநீரகம் அண்ணனுக்குச் சேராது என்று உள்ளே சொல்லிவிட்டார்கள். அதை மதினியிடம் போய்ச் சொல்வதற்கு முன்னால் தொண்டையை நனைத்துக்கொள்ளலாம் என்றுதான் வண்டிப் பக்கம் ஒதுங்கினேன். பாதி டம்ளர் இறங்கும்போதுதான், இது துக்கத்தில் குடிக்கிற குடி இல்லை என்று எனக்கே தெரிந்தது. உள்ளே அண்ணனுக்குக் குடிதண்ணீரை மருந்து மாதிரி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரொம்ப வெட்கப்பட்டேன். வெட்கத்தோடேயே இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

அது எண்பத்தொன்பதாம் வருஷத்து ஆனி மாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெறும் ஐயாதுரை என்றால் என்னை யாருக்கும் தெரியாது. மைக் செட் ஐயாதுரை என்று சொல்ல வேண்டும். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு ஊரை எழுப்புகிறவன். பந்தியில் மோர் தீர்ந்துபோனதைக்கூட நாலு பேர் சிரிக்கிற மாதிரி அறிவிப்பேன். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு, அடுத்தவன் கல்யாணத்தைக் கேட்டுக் கேட்டே காது அடைத்துவிட்டது என்று காரணம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என்னை நம்பிப் பெண் கொடுக்கிற அளவுக்கு நான் எதையும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அண்ணன் சௌந்தரபாண்டியன் நேர் எதிர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அப்பா போன பிறகு என்னையும் தங்கச்சி கமலவல்லியையும் ஆளாக்கியவர். என் முதல் ஆம்ப்ளிஃபயரை மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருகிற மாதிரி பதனமாகக் கொண்டு வந்து சேர்த்தவர். அவருக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாராவாரம் மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி திரும்பி வருவார். ரத்தச் சொந்தத்தில் யாராவது ஒன்று கொடுத்தால் மெட்ராஸில் வைத்து மாற்றிவிடலாம், ஆனால் ரொம்ப நாள் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு ஓ குரூப். ஓ குரூப்காரர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவருக்கு மட்டும் இன்னொரு ஓ குரூப்காரர்தான் கொடுக்க முடியும் என்று டாக்டர் விளக்கினார். அண்ணனின் சுபாவமே அதுதான் என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மதினி பரிபூரணத்துக்கு ஏ குரூப். பெரியப்பா வேலுசாமிக்கு வயசும் ஆகிவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது. மிச்சம் கமலவல்லிதான். ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம், இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏற்றியதால் அவளுக்கு ஓ குரூப் என்பது எல்லாருக்கும் தெரியும். மதினி ஒருநாள் அவளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள்.

"கமலவல்லி சரின்னுட்டா."

அவ்வளவுதான் சொன்னாள். எப்படிச் சொன்னாள், எங்கே வைத்துச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவள்தானே, வேறென்ன சொல்லுவாள் என்று நானும் கேட்கவில்லை.

"புகுந்த வீட்டு ஆளுங்க சம்மதத்தோட கூட்டிட்டு வாங்க. பொறவு நின்னுக்கிட்டு சண்டை போடக் கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கமலவல்லியின் புருஷன் கருத்தையா நல்ல மனுஷன், லாரி ஓட்டுகிறவர். வீட்டில் அவருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. எல்லாம் அவர் அம்மா சுடலையம்மாள் கையில். அந்தம்மாளிடம்தான் கேட்டாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எதையும் கேட்டுப் போக முடியாது. அதனால் ஆனி முடிவதற்குள் என்று முடிவாயிற்று.

"கேட்டுப் போறோம். வெறுங்கையோட போகப்படாது. ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கிடுவோம்" என்றாள் மதினி.

ஒரு சீப்புப் பழத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கோ வயிற்றுக்குள் அந்தக் கரும்புச் சாறு இன்னும் கிடந்தது. உடம்பிலிருந்து கொடுக்க முடியாததை எல்லாம் கடையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். கிலோக் கணக்கில் பால்கோவா. ஆப்பிள், திராட்சை, வெற்றிலைக் கட்டு, பாக்கு, உருண்டை மஞ்சள், குங்குமம். தலை நிறைய வைக்கிற மாதிரி மல்லிகைப் பந்து. மதினியின் கல்யாணத்துக்கு வந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டு விளக்கினேன். போகிறவர்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று பெரியம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்து ஐந்து பேர் ஆக்கினேன். ராகு காலம் பார்த்தேன். மழமழவென்று சவரம் செய்து, ஜரிகைக் கரை வேட்டி கட்டிக்கொண்டேன். தாம்பாளத்தையும் நானே ஏந்திக்கொண்டேன்.

பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால், தெருவே ஜன்னல்களுக்கு வந்து பார்க்க, நாங்கள் ஐந்து பேரும் சுடலையம்மாள் வீட்டுக்குள் நுழைந்தோம். ஜமுக்காளம் விரித்தார்கள். தாம்பாளத்தை நடுவில் வைத்தேன். அடுப்படி நிலையில் கமலவல்லி நின்றாள். எங்களைப் பார்த்து, தாம்பாளத்தைப் பார்த்து, என் வேட்டியைப் பார்த்தாள். அவள் கண் லேசாக விரிந்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பேச்சை ஆரம்பிக்க வேண்டியவர் பெரியப்பா. எந்த விஷயத்தையும் நேராகத் தொடுவது பண்பில்லை என்பது அவர் கட்சி. அவர் பிளவக்கல் அணையில் தண்ணீர் இல்லாததிலிருந்து ஆரம்பித்தார். கான்சாபுரத்துப் பருத்தி காய்ந்ததற்கு வந்தார். அங்கிருந்து அவர் மில்லுக்கு வந்து, மில்லிலிருந்து அண்ணனுக்கு வந்து, அண்ணனிலிருந்து சிறுநீரகத்துக்கு வர இன்னும் ஒரு நாழிகையாவது ஆகும்.

சுடலையம்மாள் பருத்தியைக் கேட்கவில்லை. அந்தம்மாள் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியவுகளுக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்று மதினியைக் கேட்டது.

மதினி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"அழாத தாயி. எனக்குத் தெரியாதா? புருஷன் கண்ணு முன்னாலயே கொழுந்தனுக்கு ஒரு நல்லது செஞ்சு பாத்துரணும்னு நெனைக்க. ஒன் மனசு யாருக்கு வரும்? நாங்களே வாய்விட்டுக் கேக்கணும்னு இருந்தோம். பொண்ணு குடுத்த வீட்டுலயே பொண்ணு எடுக்கது ரெண்டு குடும்பத்துக்கும் பலந்தானே."

சொல்லி முடிப்பதற்குள் குனிந்து தாம்பாளத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. பெரியப்பா கான்சாபுரத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி தங்கம்! முகத்தக் கழுவிட்டு வா!"

எங்கள் பக்கத்தில் தாம்பாளத்தை ஏற்றுக்கொண்டாயிற்று என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. தங்கபாய் கருத்தையாவின் தங்கச்சி. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை. மூன்று நாலு இடத்திலிருந்து வந்து பார்த்து, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனதுதான். இப்போது அவள் காப்பித் தட்டோடு வந்தாள். தலைமுடியில் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவசரத்தில் கண்ணாடி பார்க்கவில்லை போல. என் முன்னால் குனிந்து டம்ளரை நீட்டும்போது நேராக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஒளித்து வைத்துக்கொள்ளத் தெரியாத சந்தோஷம்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்த நான் வாயைத் திறந்தேன்.

"காப்பி நல்லாருக்கு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "மருமவன் தமாஷான ஆளுதான்" என்றது சுடலையம்மாள். வாசலில் நுழையும்போது அண்ணனுக்குத் தம்பியாக இருந்தவன், ஒரு டம்ளர் காப்பியில் மருமகனாகிவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் ஒன்று டணார் என்று விழுந்தது.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு, நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, சண்டை நடந்தது.

"நீங்க பிளவக்கல்ல இருந்து கெளம்பினா எப்பம் வந்து சேருவிய மாமா?" என்றாள் மதினி.

"நான் தொண்டையச் செருமுறதுக்குள்ள அந்தம்மா தட்டத் தூக்கிட்டு. என்னைய என்ன செய்யச் சொல்லுத? ஏலே ஐயாதுரை, ஒன்னைய யாருலே இப்படி மாப்ள கணக்கா சோடிச்சுக்கிட்டு வரச் சொன்னது?"

கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டுப் போனார். பிறகு பெரியப்பாவே குரலைத் தணித்தார். "ஒரு வகைக்கு நல்லதுக்குத்தான். கல்யாணத்த முடிச்சிருவோம். சம்பந்தம் ரெட்டிப்பா ஆயிட்டுன்னா, பொறவு நாம கேட்டு அவிய மாட்டேன்னா சொல்லுவாவ?"

மதினி அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. புருஷனைக் காப்பாற்ற நினைக்கிற ஒருத்தியின் ஆசையை நான் எப்படிக் குறை சொல்ல?

"எனக்கென்ன, நான் ரெடி" என்றேன். சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ஒரு சிறுநீரகம் கொடுக்க வக்கில்லாதவன், அதற்குப் பதிலாக முழு ஆளையே கொடுக்கிறேன் பார் என்று. அந்த முழு ஆளைக் கட்டி அழப் போகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது, பஸ் ஊருக்குள் நுழைகிற வரைக்கும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் அண்ணன் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். தாகத்துக்கு அதுதான் வழி. கமலவல்லியிடம் கேட்கப் போகிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து வந்து வாசலை மறிப்பார்.

"எல்லாரும் எங்க போனிய?"

"ராஜபாளையத்துக்கு. எனக்குப் பொண்ணு பாக்க" என்றேன். பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி வேறு.

"நம்ம கமலத்தோட நாத்தனாளா? ரொம்ப நல்ல பிள்ளைலே." வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாசம் ஆகிவிட்டது. "பரிபூரணம், இன்னைக்கு எனக்கு ஒரு மடக்குத் தண்ணி கூடத் தா. நல்ல சேதி கேட்டிருக்கேன்ல."

மதினி அளந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைத் தீர்த்தம் மாதிரி உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். நான் குழாய்க்கு வயர் சுற்றுகிற வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ராஜபாளையத்தில் ஒரு சடங்கு வீட்டுக்கு மைக் கட்டப் போனேன். சுடலையம்மாள் வீட்டுக்கு எதிர்வீட்டு ராஜு அம்மாள் கடைத்தெருவில் பார்த்துவிட்டு, "பெள்ளி எப்புடு?" என்று தெலுங்கில் கேட்டு, நான் முழித்ததும், "கல்யாணம் எப்போ மாப்ள? பால்கோவா ரொம்ப ஜோரு" என்று தமிழிலும் கேட்டாள். தெரு முழுக்க விநியோகம் ஆகியிருந்தது. நான் குறுக்குச் சந்தில் புகுந்து தப்பினேன். தப்பிப் போய் நின்ற இடம் பேண்டேஜ் கம்பெனி வாசல். வேலை விட்டு வந்துகொண்டிருந்தாள் தங்கபாய்.

கூட வந்த பெண்கள் இடித்துச் சிரித்துவிட்டு முன்னால் நடந்தார்கள். அவள் நின்றாள்.

"நானே கேட்டு விடணும்னு இருந்தேன். பெரியத்தானுக்கு எதெல்லாம் ஆகாது? தக்காளி கூடாதாமே. உப்புக் குறைக்கணுமாமே. ஒங்க மதினி ஒத்தையில எம்புட்டுன்னு பாப்பாவ? நான் வந்துட்டா சமையல நான் பாத்துக்கிடுவேன், அவிய ஆஸ்பத்திரிக்கு அலையட்டும்."

என்னிடம் ஒரு தமாஷ் தயாராக இருந்தது. எப்போதும் இருக்கும். தக்காளியைப் பற்றித்தான். அதை விட்டுவிட்டேன். வெயிலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். குரூப், டாக்டர், தாம்பாளம், பிளவக்கல் எல்லாம். பஸ்ஸில் பெரியப்பா போட்ட கணக்கையும், அதற்கு நான் ரெடி என்றதையும்கூட.

அவள் முகம் ஒவ்வொரு விளக்காக அணைவது மாதிரி அணைந்தது.

"அப்பம் அந்தத் தட்டு எனக்கு வரல."

"இல்ல."

"எங்க கமலவல்லி மதினிக்கு வந்ததா?"

"ஒங்க அம்மாவுக்கு. சம்மதம் கேக்க."

"கிட்னி எங்கம்மாகிட்டயா இருக்கு?"

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"எங்க மதினி என்ன சொல்லுதாவ?"

"சரின்னுட்டா."

"ஒங்ககிட்ட சொன்னாவளா?"

"எங்க மதினிகிட்ட."

"நீங்க கேட்டியளா?"

ஊரில் எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிள்ளைகள் காணாமல் போனதற்கு, எத்தனை செருப்பு மாறிப்போனதற்கு நான் கேட்டு அறிவித்திருக்கிறேன். இதைக் கேட்கவில்லை.

"வாங்க" என்று முன்னால் நடந்தாள். முந்தானையால் ஒருதரம் மூக்கைத் துடைத்துக்கொண்டதை மட்டும் பின்னால் வந்தவன் பார்த்தேன்.

சுடலையம்மாளிடம் சொன்னது அவள்தான். எனக்கு மிச்சம் வைக்காமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அந்தம்மாள் கொஞ்ச நேரம் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தாம்பாளத்தையே பார்த்தது. மல்லிகை காய்ந்து கருத்துப்போய் அதில் ஒட்டிக்கிடந்தது.

"எம் மருமவ வயித்தக் கிழிக்கதுக்கா தட்டுத் தூக்கிட்டு வந்திய? அத நான் கண்ணுல ஒத்திக்கிட்டனே! தெரு பூரா ஒரு வீடு விடாம இனிப்புக் குடுத்தனே! எம் பொண்ணு தலையில கைய வச்சுட்டு, அதுக்குப் பொறவு எம் மருமவ வயித்துல கைய வைக்கலாம்னு பாத்தியளோ?"

"தப்புத்தான் அத்தை."

"அத்தையும் வேண்டாம், நொத்தையும் வேண்டாம்." திரும்பியது. "ஏட்டி கமலவல்லி! இதெல்லாம் ஒனக்குத் தெரியுமா?"

கமலவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் மாவு.

"தெரியும்."

"சரின்னு சொன்னியா?"

அவள் கையில் இருந்த மாவை விரல் விரலாக உருட்டி எடுத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல வச்சு மதினி சொன்னாவ, அத்தை. சொல்லி முடிக்கவும் பஸ் கெளம்பிட்டு. அவிய ஜன்னல் வழியா என்னையவே பாத்துக்கிட்டுப் போனாவ, அழுதுக்கிட்டே. நான் தலைய ஆட்டுனேன். சரின்னு ஆட்டுனேனா, பாத்துப் போயிட்டு வாங்கன்னு ஆட்டுனேனா, எனக்கே தெரியல." பிறகு என்னைப் பார்த்தாள். "தாம்பாளம் நிறைய வச்சுத் தூக்கிக்கிட்டு வந்திய. எனக்கு ஒரு வெத்தல வரலண்ணே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுடலையம்மாளின் குரல் இறங்கியது. "அவ சொல்லுததுதான் நியாயம். அவகிட்டப் போயி மொதல்ல கேளு. அவளுக்குச் சரின்னா நானும் கருத்தையாவும் குறுக்க நிக்க மாட்டோம், உசுரு காரியம். அவளுக்கு இஷ்டம் இல்லைன்னா இந்தத் தெருவுல ஒம் மைக்குச் சத்தம் கேக்கப்படாது. பொறவு இன்னொண்ணு. எம் பொண்ணுக்கு நீ வேண்டாம்."

"நான் சொல்லிக்கிடுதேன்மா" என்றாள் தங்கபாய். என்னிடம் திரும்பினாள். "நீங்க வேண்டாம்" என்றாள். தக்காளியைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான். அதற்கு அடுத்த தையில் அவளுக்குத் தளவாய்புரத்தில் முடிந்தது. மைக் செட்டுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் சரியாகக் கட்டவில்லை என்று கேள்விப்பட்டு, எனக்கு வந்த சந்தோஷத்துக்கும் அப்புறம் வருத்தப்பட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மதினியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். "எனக்குத் தெரியும் தம்பி. அவ எப்படித் தலைய ஆட்டுனான்னு எனக்குத் தெரியும். சரின்னு எடுத்துக்கிட்டேன்" என்றாள். கட்டிலில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, கையைச் சொறிந்துகொண்டிருந்தார். சிறுநீரகம் கெட்டு வருகிற அந்த அரிப்புக்கு மருந்தே கிடையாது.

மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். பரணில் மிச்சமிருந்த சின்னத் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், கொஞ்சம் பூ. கமலவல்லிக்குச் சின்ன வயசில் பிடிக்கும் என்று கொடிக்காய்ப்புளி கொஞ்சம். ஜரிகை வேட்டி கட்டவில்லை. சவரமும் செய்யவில்லை, இந்த முறை என்னை யாரும் மாப்பிள்ளை என்று தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

ராஜபாளையத்தில் குழாயில் தண்ணீர் விடுகிற நாள். வீட்டுக்குப் பின்னால் கமலவல்லி குடங்களை வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"கமலா, பெரியண்ணனுக்கு ஒரு கிட்னி தருவியா?"

பெரியப்பா காதில் விழுந்திருந்தால் அவமானத்தில் செத்திருப்பார். அவ்வளவு நேராகக் கேட்டேன்.

அவள் குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். "எங்க அறுப்பாவ?"

முதுகுப் பக்கத்திலிருந்து விலா வழியாக முன்னால் வரை என்று டாக்டர் எனக்குக் காட்டியிருந்தார். என் கையில் தாம்பாளம் இருந்ததால் மோவாயால் காட்டினேன். அவள் ஈரக்கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தன நாளு பிள்ளைகள விட்டுட்டு இருக்கணும்?"

"ஒரு மாசம் ஆகும்னாக. மொதல்ல மதுரையில எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும். அதுல ஏதாவது சரியில்லைன்னா அவியளே வேண்டாம்னுருவாக."

"பொறவு குடம் தூக்கலாமா?"

"கொஞ்ச நாளைக்குக் கூடாது. பொறவு தூக்கலாம்னாக."

தண்ணீர் சத்தம் மாறியது. அடுத்த குடத்தை வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே. ரெண்டாவது பிள்ளைக்கே பொழைக்க மாட்டேன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி இருக்க தெருப்பக்கமே நான் போகதில்ல. யாராவது ஒருத்தராவது, பயமா இருக்காட்டின்னு கேப்பியன்னு பாத்தேன்."

"எனக்கும் பயந்தான். என்னுது சேராதுன்னு சொன்ன அன்னைக்கு நான் கரும்புச் சாறு குடிச்சேன். ரெண்டு டம்ளரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு சிரிப்பு நின்றது.

"நான் மாட்டேன்னு சொன்னா என்ன செய்விய?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம். எத்தனை தரம் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். நீ எப்பவும் எங்க கமலந்தான்."

நன்றாகத்தான் சொன்னேன். குரலும் பிசகவில்லை, இத்தனை வருஷம் மைக்கில் பேசிய பழக்கம். ஆனால் அது பொய். அவள் மாட்டேன் என்றால், அண்ணன் தண்ணீரைத் தீர்த்தம் மாதிரி குடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் ராஜபாளையம் இருக்கிற திசையைப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பேன். ஆனாலும் பார்ப்பேன். கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பிடுங்க வந்து நிற்பவன் நான். நாக்கு மறைத்ததைக் கை மறைக்கவில்லை. தாம்பாளத்தில் பாக்கு ஒன்றோடொன்று மோதிச் சலசலவென்று சத்தம் போட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன். இன்னும் கூடியது. கொடிக்காய்ப்புளி ஒன்று உருண்டு தரையில் விழுந்தது.

கமலவல்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். பின்னால் குடம் நிறைந்து வழிந்து அவள் காலை நனைத்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கனமா இருக்கு போல. குடு இங்க" என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

குனிந்து, விழுந்த கொடிக்காய்ப்புளியைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழம மதுரைக்கு எந்த பஸ்ஸுண்ணே?"

"மொத பஸ்ஸு" என்றேன்.

அவள் ஒரு கையில் தாம்பாளத்தோடு, இன்னொரு கையில் நிறைகுடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். நான் போய் ஒரு குடத்தையாவது வாங்கியிருக்க வேண்டும். கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.